பேரி என்று எழுதினேன்

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய டைரி இது. முதல் இரண்டு மாதம் வெள்ளையாகப் போய்விட்டது. போகட்டும். அந்த இரண்டு மாதத்தில் எழுதும்படி ஒன்றும் நல்லது நடக்கவில்லை.

அக்காவுக்கு இன்று காலை டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை முறை. நாலு மணி நேரம் அவள் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சலிக்கப்பட்டு உள்ளே வரும். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். பதினொன்றுக்குக் கடையில் நிற்க வேண்டும்.

எங்கள் அம்மா சாகும்போது அக்கா பேச்சித்தாய்க்குப் பதினாலு வயது, எனக்கு இரண்டு. அடுத்த வாரமே அவள் தூத்துக்குடி உப்பளத்துக்கு உப்பு வாரப் போனாள். இருபது வருடம் வாரினாள். நான் பி.காம் முடித்தேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் முடிந்தது.

ஏன் வந்தது என்று போன வருடம் டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. "வெயில்ல வேலை பாத்துட்டு தண்ணியே குடிக்காம இருந்திருக்காங்க" என்றார்.

அக்கா படுத்தபடியே கேட்டாள்: "குடிச்சா எங்க சார் போறது?"

அவர் பேனாவை மூடிவிட்டார். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி. ஒரு மரம் கிடையாது, ஒரு மறைப்பு கிடையாது. ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் குடிக்க மாட்டார்கள். இதற்கு மருத்துவத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பெயரை இங்கே எழுத முடியாது.

இன்று உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். "பொட்டாசியம் ஜாஸ்தியாகாம பாத்துக்கணும்மா. ஏறினா வலிக்காது, காய்ச்சல் வராது. நேரா ஹார்ட் நிக்கும்." தாளைப் படித்தேன். சாப்பிட ஏற்ற பழங்கள்: ப்ளூபெர்ரி, கிரான்பெர்ரி, ராஸ்பெர்ரி. அதற்குக் கீழேதான் ஆப்பிள் வருகிறது. இதை எழுதியவன் எந்த ஊர்க்காரன்? அவன் ஊரில் உப்பு எங்கிருந்து வருகிறது?

மார்ச் 5, புதன்

வார விடுமுறை. மார்க்கெட் முழுக்கச் சுற்றினேன். "அண்ணாச்சி, ப்ளூபெர்ரி இருக்கா?" என்று ஒரு கடையில் வேண்டுமென்றே கேட்டேன். "அது செல்போன் கடையில கிடைக்கும்மா" என்றார். பிளாக்பெர்ரி போன் என்று நினைத்துவிட்டார். சிரித்துத் தொலைத்தேன். ஒரு ஆப்பிள், கால் அன்னாசி, ஒரு பிடி திராட்சை வாங்கினேன். பேரிக்காய்க்கு இது காலமில்லை. வெளிநாட்டுப் பேரிக்காய் பெட்டிக்குள் தொட்டிலில் போட்டதுபோல் கிடந்தது. விலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் கடைக்குப் போனபிறகு அக்கா தனியாக இருப்பாள். அவளுக்குப் புரிகிற மாதிரி, நைட்டி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். அவள் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் பெரிது பெரிதாக எழுதினேன். 'தினமும் இதில் ஒன்று: ஆப்பிள் பாதி. அன்னாசி இரண்டு துண்டு. பப்பாளி இரண்டு துண்டு. திராட்சை பத்து.' கடைசி வரிக்கு இடம் போதவில்லை. 'பேரி' என்று எழுதி முடித்தேன்.

வேண்டாம் என்ற பட்டியலை எழுதவில்லை. அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஒரு அட்டை அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? வாயால் சொன்னேன். வாழைப்பழம், மாம்பழம், பலா, சாத்துக்குடி, சப்போட்டா, இளநீர். தாளில் இன்னும் இருந்தன, உலர்பழ வகையறா. அதெல்லாம் எந்தக் காலத்தில் எங்கள் வாசற்படி ஏறின?

அக்கா அட்டையைத் தலை சாய்த்துப் பார்த்தாள். "கையெழுத்து நல்லாருக்குட்டி ராணி. ரேசன் கடை போர்டு மாதிரி."

மார்ச் 7, வெள்ளி

டயாலிசிஸ். கடை. கால் வலி.

மார்ச் 9, ஞாயிறு

டயாலிசிஸ் சிஸ்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். திராட்சையை ஐஸ் ஆக்கி, ஒன்றொன்றாக வாயில் அடக்கினால் தாகம் கொஞ்சம் அடங்குமாம். அக்காவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். சோற்றில், குழம்பில், மாத்திரை விழுங்க, எல்லாம் சேர்த்து.

எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு ஆயிஷா மைனியிடம் இருக்கிறது. மகன் சவுதியில், மைனி தனியாள். "ஃபிரிட்ஜ்ல என் மருந்தும் நாலு மீன் துண்டும்தான் கெடக்கு. கொண்டா புள்ள" என்று கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது நோன்பு மாதம். பொழுது சாய்ந்ததும் மைனி திராட்சைக் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவோடு உட்கார்ந்துதான் நோன்பு திறக்கிறாளாம்.

"பகல் பூரா அவளும் குடிக்கல, நானும் குடிக்கல. ஒரு துணையா இருக்குட்டி" என்றாள் அக்கா.

"பாங்கு சொன்னதும் அவ குடிப்பால்லா?"

"குடிப்பா. மொத மடக்கு உள்ள போறப்போ கண்ண மூடிக்கிடுவா. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

காலையில் எனக்கு பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தருவது அக்காதான். அது அவள் வேலை என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். குடத்திலிருந்து செம்பில் எடுத்து, புனல் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

விடுமுறை. துணி துவைத்தேன். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிறகு சமைத்தேன். உப்பு இல்லை. இருபது வருடம் உப்பு வாரியவள் உப்பில்லாத கிழங்கை மென்று, "நல்லாருக்கு" என்றாள். பொய் சொல்லவும் தெரியாது அவளுக்கு.

சாயங்காலம் மைனி வரும் நேரத்தில் நான் ரேஷனுக்குக் கிளம்பினேன். அக்கா தலை சீவி, பொட்டு வைத்து, பாயை விரித்துக் காத்திருந்தாள். யாரோ பெண் பார்க்க வருவதுபோல.

"என்னக்கா, பெரிய விருந்தோ?"

"அட்டையில உள்ளதத்தான் திங்கேன். நீ போயிட்டு வாட்டி."

முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ரொம்ப நாளாகிவிட்டது அதைப் பார்த்து. பழம் பிடிக்கிறது போல.

மார்ச் 14, வெள்ளி

கடையில் மூன்றாவது மாடி எனக்கு. கழிப்பறை தரைத்தளத்தில். சாவி மாடியைக் கவனிக்கும் ஃப்ளோர் அண்ணாச்சியிடம். "இப்பத்தானேம்மா போன?" என்பார், சத்தமாக, வாடிக்கையாளர் முன்னால். ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் போனால் வேலையில் அக்கறை இல்லாதவள். கடையில் நிற்பவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்ததும் ஸ்டூல் வந்தது. ஸ்டூலின் மேல் இப்போது துணி அடுக்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் தண்ணீரை அப்படியே வாசல் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினேன். செடி நன்றாக வளர்கிறது.

மார்ச் 15, சனி

அக்கா கால் கனக்கிறது என்றாள். எனக்கும்தான் கனக்கிறது என்றேன். ஒன்றுக்குப் போகும்போது சுள்ளென்று எரிச்சலும் இருக்கிறது. வெயில் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

காலையில் வாசலில் ஒரு இளநீர்க் கூடு கிடந்தது. வெட்டி, குடித்து, போட்டது.

"யார் கொண்டுவந்தா?"

"சந்தனமாரியக்கா. நேத்து மத்தியானம் பாக்க வந்தா." சந்தனமாரி அக்காவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவள்.

"நீ குடிச்சியா?"

"தொடல. 'ஒடம்புக்குக் குளுமைட்டி, நீர்க்கடுப்பு எல்லாம் எறங்கிரும்'னா. அட்டையில இல்லன்னேன். அவளே குடிச்சிட்டா."

நம்பவில்லை. ஒரு வருடமாகத் தாகத்தோடு இருக்கிறவள் முன்னால் இளநீரை வெட்டி வைத்தால் தொடாமல் இருப்பாளா? நான் இருப்பேனா? குளுமையாம். இந்த ஊரில் எல்லா நோய்க்கும் இளநீர்தான் வைத்தியம். கொண்டுபோய்க் கொடுத்தே ஆளை முடித்துவிடுவார்கள்.

அக்கா எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஆட்டோவிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. கால் தன்னுடையது இல்லை என்றாள். நாடி மெதுவாகத் துடித்தது. சிஸ்டர் ஓடினார். இசிஜி எடுத்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது.

"என்னம்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். என்னை.

ஊசி போட்டு, உடனே மெஷினில் போட்டார்கள். நான் அவள் இடது கையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். டயாலிசிஸுக்காக நரம்பை இணைத்துத் தைத்த இடம். தொட்டால் உள்ளே வண்டு பறப்பதுபோல் குறுகுறுவென்று ஓடும். அந்தக் குறுகுறுப்பு நின்றால் நானும் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்து அழிக்கவும் மனமில்லை.

மார்ச் 19, புதன்

அக்கா கண் திறந்து பேசினாள். வார்டில் வைத்திருக்கிறார்கள்.

சந்தனமாரி பார்க்க வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். காலெல்லாம் உப்புப் பூத்து வெடித்திருந்தது. வாசலிலேயே மறித்தேன்.

"இளநீ கொண்டுவந்தியா இன்னைக்கும்? உள்ள போயி மிச்ச உசுரையும் எடுத்துட்டுப் போ."

"நான் குடுக்கலட்டி. அவ வேண்டாம்னுட்டா."

"பொய் சொல்லாத. கொலைகாரி."

பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். சந்தனமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். செய்யாதவள் என்றால் சண்டைக்கு நின்றிருக்க வேண்டாமா?

மார்ச் 20, வியாழன்

ஐந்து புள்ளி நான்கு. இறங்குகிறது.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்ததும் அடுப்புக்கு மேலே அட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

மார்ச் 26, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். போன வாரம் மைனி வெளியூரில் மகள் வீட்டில் இருந்தாள். இன்று மத்தியானம்தான் திரும்பினாள். சாயங்காலம் வழக்கம்போல் வந்தாள். ஒரு கையில் திராட்சைக் கிண்ணம், ஒரு கையில் துணி மூடிய தட்டு. அக்கா பாயில் நகர்ந்து இடம் விட்டாள். நான் அடுப்படியில் கிழங்கை வடித்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொன்னார்கள். மைனி துணியை எடுத்தாள். அக்கா தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பேரீச்சம்பழம்.

"அக்கா! என்னது அது?"

"பேரி" என்றாள், மென்றுகொண்டே.

"எது?"

"இதாம்ட்டி. அட்டையில போட்டுருக்குல்லா. பே-ரி." விரலைத் தூக்கி என் கையெழுத்தைக் காட்டினாள். "எத்தனன்னு நீ போடல. நாலு எடுத்துக்கிட்டேன். நாலு தப்பா?"

நான் அவள் வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பழத்தைத் தோண்டி எடுத்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் எதையாவது விழுங்கும்போது அவள் எனக்குச் செய்ததுபோல. என் விரல் பிசுபிசுவென்று இருந்தது. அவள் என்னைப் பயந்து பார்த்தாள்.

"யா அல்லா" என்றாள் மைனி. "நானா புள்ள குடுத்துட்டேன்? அவ கேட்டா, சீட்டுல இருக்குன்னா. ஒரு நாள் கூட விடாம நாலு குடுத்தனே. நோம்ப வச்சிக்கிட்டு நானே…" தட்டை எடுத்துக்கொண்டு போய் மதிலுக்கு அப்பால் கொட்டினாள். நோன்பு திறந்த வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் கூட இன்னும் போகவில்லை.

"மைனி, நீ மொதல்ல தண்ணிய குடி" என்றாள் அக்கா.

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேரி. இதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் அது என் கையெழுத்து. ரேஷன் கடை போர்டு மாதிரி தெளிவாக இருக்கிறது. உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். தாள் எழுதியவனை, டாக்டரை, இளநீரை, உப்பள முதலாளியை. மூன்று எழுத்துப் பாக்கி வைத்தது நான்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "வாய்க்கு இனிப்பா இருந்துச்சுட்டி. நீ எனக்குன்னு பாத்து எழுதிருக்கன்னு நெனச்சேன்."

மார்ச் 27, வியாழன்

கடைக்கு லீவு சொல்லவில்லை. தாமதமாக வருவேன் என்று மட்டும் சொன்னேன். முதல் பஸ்ஸில் உப்பளத்துக்குப் போனேன்.

ஏழு மணிக்கே கண் கூசியது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை. சந்தனமாரி தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்தாள். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

"என்ன, போலீசக் கூட்டிட்டு வரலையோ?"

"தப்பு என்னோடதுக்கா. நான்தான் தப்பா எழுதி வச்சிட்டேன்."

முழுவதையும் சொன்னேன். பேரிக்காய், பேரீச்சம்பழம். அவள் கேட்டுவிட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பி.காம் வேற."

"ஆமா."

"பத்துப் பேர் முன்னால என்னக் கொலைகாரின்ன."

"இங்க பத்துப் பேர் இருக்காங்க. என்ன வேணும்னாலும் சொல்லு."

பக்கத்துப் பாத்திப் பெண்கள் வாருபலகையை நிறுத்திப் பார்த்தார்கள். சந்தனமாரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒதடெல்லாம் வெடிச்சிக் கெடக்கு. தண்ணி குடிக்கியாட்டி நீ?"

"கடைல வேலை ஜாஸ்தி."

"பேச்சியும் இப்படித்தான் சொல்லுவா" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தகுதி இல்லை.

திரும்பும்போது கவனித்தேன். வரப்பு முழுக்கத் தேடினாலும் பெண்களுடைய தண்ணீர் பாட்டில் ஒன்று கூட இல்லை.

மார்ச் 28, வெள்ளி

டயாலிசிஸ். நாலு புள்ளி எட்டு. புது அட்டை எழுதினேன். சுருக்கம் எதுவும் இல்லை. 'பேரிக்காய் பாதி. பேரீச்சம்பழம் கூடாது.' இந்தத் தடவை 'கூடாது' பட்டியலும் இருக்கிறது. இரண்டு அட்டை ஆனது.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம், நான் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மைனி புதுச் சேலையில் வந்தாள். நாலு நாளாக எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இன்று கையில் பிரியாணி இல்லை. அன்று மார்க்கெட்டில் பெட்டிக்குள் தொட்டிலில் கிடந்த காய்களில் ஒன்று, வலை உறையோடு.

"கடக்காரன்ட்ட மூணு வாட்டி கேட்டேன், இதுக்குப் பேரு பேரிக்காதானன்னு. 'ஆமா பெரியம்மா, சத்தியமா'ன்னான். நீ ஒரு தடவ பாரு புள்ள, பாத்துட்டுக் குடு."

பார்த்தேன். பேரிக்காய்தான். தோல் சீவி, பாதியைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டைக் கடித்தாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்தோம்.

"இனிப்பே இல்லட்டி" என்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். "தண்ணி மாதிரி இருக்கு."

இன்னொரு துண்டு எடுத்தாள். "தண்ணி மாதிரியே இருக்கு மைனி."

மைனி அழுதாள். பெருநாளும் அதுவுமாக.

மைனி போனபின் அக்கா எனக்கு பாட்டில் நிரப்பினாள். மூடியைத் திருகினாள். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"கறிவேப்பில ஏன் இப்படி வளருதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

நான் செருப்பைத் தேடினேன்.

"டெய்லி நெறச்சிக் குடுக்கேன். டெய்லி செடிக்கு ஊத்துத. நானும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னதுதான் அது, இருவது வருசமா."

"அங்க சாவி அண்ணாச்சிட்ட இருக்குக்கா. ஒவ்வொரு தடவையும் கேக்கணும். எல்லாருக்கும் கேக்க மாதிரி கத்துவான்."

"கத்தட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரியில மெஷின் கத்தாதோ? ஒன்னய யாரு ஆட்டோல தூக்கிட்டுப் போறதுட்டி? நானா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவள் எழுந்து குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தாள். என் கையில் வைத்தாள்.

"குடி. என் கண்ணு முன்னால."

"ஒன் முன்னாலயாக்கா?"

"என் முன்னாலதான். நான் பாக்கணும்."

ஒரு வருடமாக அவள் பார்க்கும்படி நான் தண்ணீர் குடித்ததில்லை. கொல்லைப்பக்கம் போய்க் குடிப்பேன், திருடியைப்போல. இப்போது அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். செம்பைத் தூக்கினேன். முதல் மடக்கு இறங்கியபோது அவள் தொண்டை அசைந்தது. இரண்டாவது மடக்குக்கும் அசைந்தது. நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாத" என்றாள்.

செம்பு காலியாகும்வரை அவளும் என்கூட விழுங்கினாள்.

ஏப்ரல் 2, புதன்

நேற்று மூன்று முறை சாவி கேட்டேன். மூன்றாம் முறை அண்ணாச்சி, "ஒடம்புக்கு என்னம்மா?" என்றார், மாடி முழுக்கக் கேட்கும்படி. "எங்கக்காவுக்கு என்ன வந்துச்சோ அது எனக்கு வரக்கூடாது அண்ணாச்சி" என்றேன், அதே சத்தத்தில். சுடிதார் பிரிவில் இரண்டு பெண்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருத்தி வந்து எனக்குப் பின்னால் நின்றாள், சாவிக்கு.

பாட்டில் காலியாக வந்தது. அக்கா மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள், நம்பாமல். ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டு, அட்டையைப் பார்த்தாள்.

"இது முக்கா லிட்டரு கணக்குல வராதுல்லா?"

வராது என்றேன்.